பூட்டிய கதவும் ஆறு மாத அவகாசமும்

ஊரில் காலியாகக் கிடக்கும் கட்டடத்தின் மீது ஊருக்கு என்ன பாத்தியதை? பிரிட்டன் நாற்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் பதில்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் மூன்று வார இடைவெளியில் இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முதல் தேதி வந்தது, ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து குடியிருப்பவரை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம். ஆறு மாதம் வரை சிறை, அப்போது 5,000 பவுண்டு வரை அபராதம். அதுவரை அது சிவில் தகராறாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் வெளியேற்ற உத்தரவு வாங்கி வரவேண்டும். இனி போலீஸுக்கு ஒரு போன் போதும். 21-ம் தேதி வந்தது லோக்கலிசம் சட்டத்தின் ஒரு பகுதி. ஊருக்கு உபயோகமான ஒரு கட்டடம் விலைக்கு வந்தால், ஊர்க்காரர்களே சேர்ந்து அதை வாங்க முயலலாம், அதற்கு அவகாசம் தரப்படும் என்றது அது.

இரண்டையும் கொண்டுவந்தது டேவிட் கேமரூனின் கூட்டணி அரசு. இரண்டுக்கும் அடியில் இருந்ததும் ஒரே கேள்விதான். உரிமையாளர் பூட்டிப் போட்டிருக்கும் இடத்தின் மீது, அதன் வாசலைத் தினமும் கடந்துபோகிறவருக்கு ஏதாவது பாத்தியதை உண்டா? உள்ளே கால் வைத்தால் குற்றம் என்றது ஒரு சட்டம். வெளியே நின்று விலை பேசிக்கொள் என்றது இன்னொன்று. ஆறு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் அப்போது இங்கிலாந்தில் சுமார் இரண்டரை லட்சம். இன்றும் அதற்குக் குறையவில்லை. அந்த இரண்டரை லட்சம் வீடுகளுக்கும் இரண்டாவது சட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. குடியிருப்பு வீடுகளுக்கு அதில் விலக்கு. பப், கடை, நூலகம், சமுதாயக் கூடம், தேவாலயம், விளையாட்டுத் திடல் இவைதான் கணக்கில் வரும்.

ஆக, தொடக்கத்திலேயே பாதிக் கதவு சாத்தியாயிற்று. மீதிப் பாதி எப்படித் திறந்தது என்று பார்ப்போம்.

ஒரு பப்பின் கதை

சென்னையில் பப் என்றால் நட்சத்திர ஹோட்டலின் இருட்டு அறையும் காதைப் பிளக்கும் பாட்டும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் தெருமுனைப் பப் வேறு சங்கதி. கிழவர்கள் பகல் முழுக்க ஒரே ஒரு கிளாஸோடு உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள். பிறந்தநாள், கச்சேரி, அடக்கம் முடிந்து வருபவர்களுக்குச் சாப்பாடு, எல்லாம் அங்கேதான். அது மூடப்பட்டால் ஒரு தெருவுக்கு உட்கார இடமில்லாமல் போகும்.

தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் என்ற பகுதியில் உள்ள ஐவி ஹவுஸ் அப்படிப்பட்ட பப். 1930-களில் கட்டியது. மரப்பலகை அடித்த சுவர்கள், உள்ளேயே ஒரு மேடை. 1970-களில் வேறு பெயரில் இருந்தபோது இயன் டியூரி, எல்விஸ் காஸ்டெல்லோ போன்றவர்கள் பேரெடுப்பதற்கு முன் பாடிய மேடை. 2012 ஏப்ரலில், நடத்தியவர்களுக்கு ஒரு வாரம் கெடு கொடுத்துப் பப்பை மூடினார்கள். கட்டடம் அடுக்குமாடி வீடுகளாகப் போகிறது என்று பேச்சு.

அக்கம்பக்கத்தார் முதலில் ஓடியது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பிடம். அவசரமாகப் பார்வையிட்டு இரண்டாம் தரப் பாதுகாப்பு கொடுத்தார்கள். இனி இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. அதற்குள் செப்டம்பர் வந்தது. புதிய சட்டத்தின்கீழ் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று நாட்டிலேயே முதலில் பதிவான கட்டடம் ஐவி ஹவுஸ்தான். விலை 8,10,000 பவுண்டு. கட்டடப் பாரம்பரியத்துக்கென்றே இருக்கும் நிதியம் ஒன்று கடன் கொடுத்தது, சமூக முதலீட்டு அமைப்பு ஒன்று மானியம் கொடுத்தது. 2013 மார்ச்சில் கிரயம் முடிந்தது. பிறகு பங்கு வெளியிட்டார்கள். 371 பேர் சேர்ந்து 1,42,600 பவுண்டு போட்டார்கள். ஆகஸ்டில் பப் திறந்தது.

இந்தப் பங்கு நம் ஷேர் மார்க்கெட் பங்கு மாதிரி கிடையாது. நூறு பவுண்டு போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் ஓட்டு ஒன்றுதான். யாருக்கும் விற்க முடியாது. சங்கத்திடமே திருப்பிக் கொடுத்து, கையில் காசிருந்தால், போட்ட முதலை வாங்கிக்கொள்ளலாம். லாபத்துக்காக யாரும் இதில் பணம் போடமாட்டார்கள். தெருமுனையில் விளக்கு எரியவேண்டும் என்று நினைப்பவர்கள்தான் போடுவார்கள்.

சட்டத்தின் நற்சாட்சிப் பத்திரமாக எல்லாரும் காட்டுவது இந்தப் பப்பைத்தான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இடிப்பைத் தடுத்தது பழைய சட்டம் ஒன்று. விலையைக் கொடுத்தது கடனும் மானியமும். புதிய சட்டம் தன் பங்குக்குக் கொடுத்தது நாட்களை மட்டும்.

எத்தனை நாள்?

உள்ளூர்க்காரர்கள் 21 பேர் சேர்ந்தால் ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி கவுன்சிலுக்கு எழுதலாம். எட்டு வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். சேர்த்தால் ஐந்து வருடத்துக்குப் பெயர் இருக்கும். உரிமையாளர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர் அமைப்பு எதுவும் ‘எங்களுக்கு விருப்பம்’ என்று எழுதவில்லையானால் அவர் பாட்டுக்கு விற்றுக்கொள்ளலாம். எழுதினால், அவர் தெரிவித்த தேதியிலிருந்து ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

அந்த ஆறு மாதத்தில் ஊர்க்காரர்கள் அமைப்பைச் சட்டப்படி ஒழுங்கு செய்யவேண்டும், கூரையைப் பார்க்க ஆள் பிடிக்கவேண்டும், மூன்று வருட வரவுசெலவுக் கணக்கு போடவேண்டும், வங்கிக்கும் மானியக்காரருக்கும் விண்ணப்பம் எழுதவேண்டும், பணம் திரட்டவேண்டும். எல்லாம் வேலைக்குப் போய் வந்து, குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு. ஆறாவது மாதம் காசோலையோடு போய் நின்றால் உரிமையாளர் விற்றே ஆகவேண்டுமா? கிடையாது. அவர் சொல்லும் விலையைக் கொடுத்தால்கூட அவர் மறுக்கலாம். வேறு யாருக்கும் எந்த விலைக்கும் கொடுக்கலாம். அவர் முதலில் தெரிவித்த தேதியிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை ஊர் மறுபடி குறுக்கே வரவும் முடியாது. காத்திருந்ததால் நஷ்டம் என்று அவர் கவுன்சிலிடம் இழப்பீடும் கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்தை வியாபாரமாகவே கைமாற்றினால் இந்தக் காத்திருப்பே கிடையாது.

ஊர் அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்லும் லொக்காலிட்டி என்ற நாடளாவிய அமைப்பு கணக்கெடுத்தது. பட்டியலில் ஏறிய ஆயிரம் சொத்துகளில் ஊரார் கைக்கு வந்து சேர்ந்தவை சுமார் 15. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தைக்கூட ரசிகர்கள் இந்தப் பட்டியலில் ஏற்றினார்கள். அதை வாங்க ஆறு மாதத்தில் பணம் திரட்டிவிடலாம் என்று ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். ‘இது எங்களுக்கும் சொந்தம்’ என்று எழுதி வைக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். பட்டியலின் பெரும்பகுதி உபயோகமும் இதுவே என்று நினைக்கிறேன். எழுதி வைத்தது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு உரிமை என்று பேர் வைத்தது கொஞ்சம் துணிச்சல்தான்.

காலியாக இருந்தால் என்ன லாபம்?

வாடகைக்கு விடாமல், விற்காமல், ஒரு கட்டடத்தை யாராவது பத்து, இருபது வருடம் பூட்டி வைப்பார்களா? நியாயமான சந்தேகம். இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் பதில் இருக்கிறது.

அங்கே அப்சர்வர் பில்டிங் என்று ஒரு பெரிய கட்டடம். உள்ளூர்ப் பத்திரிகை அச்சான இடம். 1980-களின் நடுவில் பத்திரிகை வெளியேறியது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேல் காலி. கட்டடத்தைப் பின்னால் மீட்டவர்களின் கணக்குப்படி அந்தக் காலத்தில் 13 உரிமையாளர்கள் மாறினார்கள். ஒருவர் வாங்குவார். அடுக்குமாடி வீடு கட்ட கவுன்சிலிடம் அனுமதி வாங்குவார். அனுமதிக் காகிதத்தோடு கூடிய விலைக்கு அடுத்தவரிடம் தள்ளுவார். செங்கல் ஒன்றும் நகராது. மழை உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், கிரயப் பத்திரத்தில் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வரி கழுத்தைப் பிடிக்காதா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. காலியான வணிகக் கட்டடத்துக்கு முதல் மூன்று மாதம் வரி கிடையாது. பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் கட்டடமாக இருந்தால் காலியாக இருக்கும் காலம் முழுக்க விலக்கு. ஊருக்கு எது பெருமையோ, அதைப் பூட்டி வைப்பதுதான் உரிமையாளருக்கு மலிவு. சட்டம் எழுதியவர்கள் இந்தக் கோணத்தை யோசித்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

2019-ல் ஒயிட் ராக் நெய்பர்ஹுட் வென்ச்சர்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு அந்தக் கட்டடத்தை வாங்கியது. ஐந்து வருடம் முன்பே அதன் பக்கத்துக் கட்டடத்தை வாங்கி, தளம் தளமாகப் பழுதுபார்த்து, வாடகைக்கு விட்டு, வருமானம் காட்டியிருந்தார்கள். வாடகைக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். அந்தக் கணக்குப் புத்தகம்தான் பெரிய கட்டடத்துக்குக் கடன் வாங்கித் தந்தது. ஆறு மாத அவகாசம் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்; அவர்களுக்கு ஐந்து வருட முன்தயாரிப்பு தேவைப்பட்டது.

இதற்கும் முன்னோடி உண்டு. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் காயின் தெரு. எழுபதுகளின் கடைசியில் அங்கே ஓட்டலும் ஆபீஸ் கோபுரங்களும் கட்டக் கம்பெனிகள் வரிந்துகட்டி நின்றன. குடியிருப்பவர்கள் இரண்டு பொது விசாரணைகளில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மிஞ்சி நின்ற கம்பெனியும் விலகியது. 1984-ல் லண்டன் மாநகர நிர்வாகமான ஜி.எல்.சி., 13 ஏக்கரையும் பத்து லட்சம் பவுண்டுக்கு ஊரார் அமைப்புக்கே எழுதிக்கொடுத்தது. நதிக்கரை நிலம் அந்த விலைக்கு எப்படி? மலிவு வாடகை வீடு, பூங்கா போன்ற உபயோகத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டதால் சந்தை மதிப்பு தானே இறங்கியது. இரண்டு வருடத்தில் தாட்சர் அரசு ஜி.எல்.சி.யையே கலைத்துவிட்டது. ஊரார் கட்டிய வீடுகள் நிற்கின்றன, அதே நிலத்தில் உள்ள ஆக்ஸோ டவர் கட்டடமும் நிற்கிறது. நிலத்தின் விலையை நிர்ணயிப்பது நிலமில்லை, அதன் மேல் என்ன கட்டலாம் என்ற அனுமதி என்பதைக் காயின் தெருக்காரர்கள் நாற்பது வருடம் முன்பே புரிந்துவைத்திருந்தார்கள்.

வடக்கே நிலைமை வேறு

ஸ்காட்லாந்தில் இந்தப் பேச்சு கட்டடத்தில் தொடங்கவில்லை, மலையில் தொடங்கியது. அங்கே கிராமப்புறத் தனியார் நிலத்தில் பாதி, ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்கள் கையில். பண்ணை என்று சொன்னாலும் பலவற்றில் விளைவது மான் வேட்டைதான். முதலாளி லண்டனிலோ வெளிநாட்டிலோ இருப்பார். குத்தகை விவசாயி வீட்டுக்கு ஒரு தகரக் கொட்டகை போடக்கூட அவருக்கு மனு எழுத வேண்டும்.

வடமேற்கு மூலையில் அசின்ட் என்ற பகுதி. அங்கே 21,000 ஏக்கர் எஸ்டேட்டை 1989-ல் ஒரு ஸ்வீடன் நிலக் கம்பெனி வாங்கியது. மூன்றே வருடத்தில் கம்பெனி திவால். எஸ்டேட்டை ஏழு துண்டாக்கி விற்க விளம்பரம் வந்தது. அங்கே சிறு நிலம் வைத்திருந்த குத்தகைக்காரர்கள் — கிராஃப்டர் என்பார்கள் — கூடிப் பேசினார்கள். 1976-ம் வருடத்துச் சட்டம் ஒன்று அவர்களுக்குத் துணை நின்றது. தன் குத்தகைத் துண்டை, வருடாந்தரக் குத்தகையின் 15 மடங்கு கொடுத்து ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குத்தகையோ சொற்பக் காசு. ‘வெளியாள் வந்து வாங்கினால் நாங்கள் எல்லாரும் இந்த உரிமையைப் பயன்படுத்துவோம், உங்களுக்கு மிஞ்சுவது வெறும் பாறை’ என்ற மிரட்டல் வேலை செய்தது. 1993-ல் எஸ்டேட் மொத்தமும் 3,00,000 பவுண்டுக்கு அவர்கள் கைக்கு வந்தது. உபயோகிக்கப்படாத ஓர் உரிமை, உபயோகிக்கப்போவதாகச் சொன்ன மாத்திரத்தில் ஒரு எஸ்டேட்டை வாங்கித் தந்த கதை இது.

நான்கு வருடம் கழித்து எக் தீவு. முதலில் ஒரு பணக்காரரிடம், பிறகு ஒரு ஜெர்மன் ஓவியரிடம் கைமாறிய தீவு. வீடுகளுக்கு நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் கிடையாது, ஆகவே கூரை மாற்றக்கூடக் கடன் கிடைக்காது. 1997 ஜூன் 12-ல் தீவுவாசிகள் உள்ளாட்சி மன்றத்தோடும் ஒரு வனவிலங்கு அறக்கட்டளையோடும் சேர்ந்து தீவையே வாங்கினார்கள். விலை சுமார் 15 லட்சம் பவுண்டு. பெரும்பகுதியைக் கொடுத்தது பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி. அப்போது மக்கள் 65 பேர் இருந்திருப்பார்கள். இன்று நூறைத் தாண்டியாயிற்று. 2008-ல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றையும் கோத்துத் தங்களுக்கென்று மின்சாரக் கட்டமைப்பு அமைத்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. கெட்டிலையும் வாஷிங் மெஷினையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் தாண்டிவிடும், மின்சாரம் நின்றுவிடும். பணக்காரத் தீவுவாசிக்கும் அதே ஐந்துதான்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் சட்டம் வந்தது. 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டது. கிராமச் சமூகம் முன்கூட்டிப் பதிவு செய்து வைத்தால், நிலம் விலைக்கு வரும்போது முதல் உரிமை அவர்களுக்கு. விலையை அரசு நியமிக்கும் மதிப்பீட்டாளர் சொல்வார். கிராஃப்டர் சமூகங்களுக்கு இன்னும் ஒரு படி மேலே, முதலாளி விற்க நினைக்காவிட்டாலும் வாங்கலாம். சொல்வது சுலபம். லூயிஸ் தீவில் பார்க் எஸ்டேட்டுக்காரர்கள் 2004-ல் வாக்கெடுப்பு நடத்தி ‘வாங்குவோம்’ என்று முடிவெடுத்தார்கள். கோர்ட், மேல்முறையீடு, பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து நிலம் கைக்கு வந்தபோது 2015. ஓட்டுப் போட்ட எத்தனை பேர் அதற்குள் போய்ச் சேர்ந்தார்களோ.

2015-ல் அடுத்த சட்டம் நகரங்களையும் சேர்த்துக்கொண்டது. எடின்பரோவின் கடற்கரைப் பகுதியான போர்ட்டோபெல்லோவில் திருச்சபை விற்க வைத்த பழைய தேவாலயத்தை 2017-ல் ஊரார் வாங்கினார்கள். நகர்ப்புறத்தில் அந்த உரிமை பயன்பட்ட முதல் சம்பவம் அது. அதே சட்டத்தில் 2018-ல் அமலுக்கு வந்த இன்னொரு பிரிவு, நம் விஷயத்தின் மையத்தையே தொடுகிறது. கைவிடப்பட்ட, கவனிப்பில்லாத, ஊருக்குத் தீங்காக நிற்கும் நிலத்தை, உரிமையாளர் மறுத்தாலும், அமைச்சர் ஒப்புதலோடு ஊர் வாங்கலாம். வாசல் குறுகல்தான். முதலில் உரிமையாளரிடம் கேட்டு மறுக்கப்பட்டதைக் காட்டவேண்டும், வாக்கெடுப்பு நடத்தவேண்டும், பொது நலனை நிரூபிக்கவேண்டும். ஆனாலும் காலியாகப் போட்டு வைப்பதும் ஒருவகைக் குற்றம்தான் என்று ஒரு சட்டம் எழுத்தில் சொன்னது பெரிய விஷயம். இங்கிலாந்தில் உரிமையாளர் விற்க முன்வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில், கொள்கையளவிலாவது, பூட்டிய கதவைத் தட்டிக் கேட்கலாம்.

லிவர்பூலில் பெயின்ட் டப்பா

காலிச் சொத்தின் உரிமையாளர் என்றால் வெளிநாட்டுக் கம்பெனியோ ரியல் எஸ்டேட் பேராசைக்காரரோ என்று நினைத்துக்கொள்கிறோம். பல ஊர்களில் அந்த உரிமையாளர் கவுன்சிலேதான்.

லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் கிரான்பி தெரு ஒரு காலத்தில் ஜேஜே என்று இருந்த கடைத்தெரு. 1981 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதன் கதை மாறியது. கவுன்சிலும் வீட்டுவசதிச் சங்கங்களும் வீடுகளை வாங்கி, ஆட்களை வெளியே அனுப்பி, ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்றார்கள். 2002-ல் தொடங்கிய பாத்ஃபைண்டர் என்ற அரசுத் திட்டம் வட இங்கிலாந்து நகரங்களில் இப்படித் தெருத்தெருவாக இடிக்கப் பணம் கொடுத்தது. 2011-ல் புது அரசு பணத்தை நிறுத்தியது. ஆட்களும் போயாயிற்று, பணமும் போயாயிற்று, நான்கே தெருக்கள் மிச்சம். கெய்ர்ன்ஸ், பீகன்ஸ்ஃபீல்டு, ஜெர்மின், டூசி.

அந்த நான்கு தெருக்களில் போகமாட்டோம் என்று தங்கிய சில குடும்பங்கள், முக்கியமாகப் பெண்கள், யாரையும் கேட்காமல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். துடைப்பம் எடுத்தார்கள். தகரம் அடித்த வீடுகளின் முகப்புக்குப் பெயின்ட் அடித்தார்கள், ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஜன்னலை வரைந்தார்கள். நடைபாதையில் பூந்தொட்டிகள், பழைய நாற்காலிகள், கொடி படர மூங்கில். மாதம் ஒரு சனிக்கிழமை தெருவிலேயே சந்தை, சூப்பும் சோமாலி சமோசாவும் பழைய துணியும். சட்டப்படி பார்த்தால் கவுன்சிலின் சுவரில் பெயின்ட் அடிப்பதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. அதிகாரிகள் வந்து தொட்டியைத் தூக்கிப் போகவும் துணியவில்லை.

2011-ல் நிலம் காக்கும் சமூக அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தார்கள். கெய்ர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகளைக் கவுன்சில் அவர்களுக்குக் கொடுத்தது. அசெம்பிள் என்ற இளைஞர் கட்டடக்கலைக் குழு வடிவமைத்தது. ஐந்து வீடு வாடகைக்கு, ஐந்து விற்பனைக்கு. விற்பனை வீட்டை வாங்கியவர் மறுபடி விற்கும்போது சந்தை விலைக்கு விற்க முடியாது. வட்டாரத்தின் சராசரி வருமானத்தோடு விலை கட்டப்பட்டிருக்கிறது. எக் தீவின் ஐந்து கிலோவாட்டும் கெய்ர்ன்ஸ் தெருவின் இந்த நிபந்தனையும் ஒரே புத்தியிலிருந்து வந்தவை. கஷ்டப்பட்டு மீட்டதை அடுத்த தலைமுறைக்காரன் ஒருவன் காசாக்கிக்கொண்டு போகக்கூடாது.

இடிபாட்டுச் செங்கலையும் ஓட்டுச்சல்லியையும் சிமென்ட்டோடு கலந்து வார்த்துக் கணப்பு அடுப்பின் முகப்பு செய்தார்கள். ஓடுகளும் கதவுக்குமிழ்களும் உள்ளூர்ப் பட்டறையிலேயே. 2015 டிசம்பரில் இந்த வேலைக்காக அசெம்பிளுக்கு டர்னர் பரிசு கிடைத்தது. கலை விமர்சகர்கள் இது கலையா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ருசி இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது மீட்கவே முடியாத அளவு இற்றுப்போன இரண்டு வீடுகளை என்ன செய்தார்கள் என்பதுதான். தளங்களை எடுத்துவிட்டு, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே மரம் நட்டார்கள். 2019-ல் திறந்த அந்தக் குளிர்காலத் தோட்டத்தில் இப்போது தெருக்கூட்டம் நடக்கிறது.

கிரான்பியில் லோக்கலிசம் சட்டத்தின் ஆறு மாத அவகாசத்துக்கு வேலையே இருக்கவில்லை, குடியிருப்பு வீடுகளாயிற்றே. பொதுத்துறை உபயோகிக்காமல் போட்டிருக்கும் நிலத்தை விற்க உத்தரவிடச் சொல்லி எந்தக் குடிமகனும் அமைச்சருக்கு எழுதலாம் என்று 1980-லிருந்தே ஒரு விதி இருக்கிறது. சாமானியர்கள் அதைக் கேள்விப்பட்டிருப்பது அபூர்வம். கிரான்பி பெண்கள் மனுவுக்குப் பதில் பெயின்ட் டப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது வருடம் ஒரு தெருவைப் பெருக்கியவரிடம் ‘உனக்கு இங்கே என்ன பாத்தியதை’ என்று கேட்பது எந்தக் கவுன்சிலருக்கும் கஷ்டம்தான்.

சாவி கிடைத்த பிறகு

இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரிப்பன் வெட்டும் நாளோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நடப்பதை அறிய மறுபடி ஹேஸ்டிங்ஸுக்கே போகவேண்டும்.

கடலுக்குள் நீளும் பழைய உல்லாசப் பாலம் அந்த ஊரின் அடையாளம். பனாமாவில் பதிவான கம்பெனி ஒன்றின் பெயரில் இருந்தது. கவனிப்பில்லாமல் மூடி, 2010 அக்டோபரில் எரிந்தே போனது. ஊர் விடவில்லை. கவுன்சில் கட்டாயக் கொள்முதல் செய்து 2013-ல் ஊரார் அறக்கட்டளைக்கு மாற்றியது. லாட்டரி நிதியத்திலிருந்து ஒரு கோடி பவுண்டுக்கு மேல் மானியம். ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் பங்கு வாங்கினார்கள். 2016 ஏப்ரலில் திறப்பு. 2017 அக்டோபரில் பிரிட்டனின் உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசு. அடுத்த மாதமே அறக்கட்டளை கைவிரித்து, நிர்வாகம் திவால் அதிகாரிகளிடம் போனது. உப்புக்காற்று தின்னும் இரும்புத் தூண்களைப் பராமரிக்கும் செலவுக்கு, பாலத்தின் மேல் வியாபாரம் ஈடுகொடுக்கவில்லை. ஊரார் அவசர அவசரமாக மறுபடி பணம் திரட்டினார்கள். 2018-ல் பாலம், பக்கத்து ஊர்ப் பாலத்தையும் வைத்திருந்த ஒரு ஹோட்டல் அதிபருக்குப் போனது. விலை 60,000 பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது.

கட்ட மானியம் கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். பெயின்ட் உரிந்தால், பாய்லர் கெட்டால் கொடுக்க ஆளில்லை. அறங்காவலர்கள் சம்பளமில்லாத ஆட்கள்; ராத்திரி பதினோரு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து ஓடுவதும் அவர்கள்தான். வெற்றிபெற்ற இடங்களைப் பார்த்தால் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. முதல் நாளிலிருந்தே வாடகை வந்துகொண்டிருந்த இடங்கள் பிழைத்தன. அழகுக்காகவும் அடையாளத்துக்காகவும் மீட்டவை திணறின. ஊர் மனசு எந்தக் கட்டடத்தைக் கேட்கிறதோ, அது பெரும்பாலும் இரண்டாவது வகையாக இருந்துவிடுகிறது.

ஊர்கள் இந்தச் சுமையை ஏன் தலையில் ஏற்றிக்கொள்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஆசைப்பட்டு மட்டும் இல்லை. கேமரூன் காலத்துச் சிக்கனத்தில் கவுன்சில்களுக்குக் கொடுத்த பணம் வெட்டப்பட்டது. நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் கவுன்சில்கள் விற்கத் தொடங்கின. இங்கிலாந்தில் வருடத்துக்கு 4,000-க்கும் மேல் பொதுக் கட்டடங்களும் இடங்களும் விலைபோகின்றன என்று 2018-ல் லொக்காலிட்டி கணக்குச் சொன்னது. அரசு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, ‘வேண்டுமானால் நீங்களே நடத்திக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை’ என்று சொன்னதும் இந்தக் கதையின் ஒரு பக்கம்.

பன்னிரண்டு மாதம்

2024 டிசம்பரில் இங்கிலாந்தில் இன்னொரு அதிகாரம் வந்தது. இரண்டு வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடையை, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், ஒன்று முதல் ஐந்து வருடக் குத்தகைக்குக் கவுன்சில் ஏலம் விடலாம். சொந்தம் அவருடையதே, பூட்டு மட்டும் அவருடையதில்லை. எனக்கு இது லோக்கலிசம் சட்டத்தைவிடக் கெட்டியான ஏற்பாடாகப் படுகிறது. பெரிய பேச்சு எதுவும் இல்லாமல் பூட்டிலேயே நேராகக் கை வைக்கிறது.

2025 ஜூலையில் லேபர் அரசு புதிய மசோதாவைத் தாக்கல் செய்தது. அதில் ஆறு மாதம் பன்னிரண்டு மாதமாகிறது. விலை பேசிப் படியவில்லையானால் சுயேச்சை மதிப்பீட்டாளர் சொல்வதுதான் விலை. முக்கியமாக, பட்டியலில் உள்ள சொத்து விற்பனைக்கு வந்தால் முதல் உரிமை ஊருக்கு. ஸ்காட்லாந்து 2003-ல் எழுதியதை 22 வருடம் கழித்து இங்கிலாந்து எழுதுகிறது. விற்க மனமில்லாமல் பூட்டி வைத்திருப்பவரை இதுவும் தொடாது.

வாங்கப் பணம்? ஊரார் சொத்து வாங்குவதற்கென்றே 2021-ல் அறிவித்த 15 கோடி பவுண்டு நிதியம் ஒன்று இருந்தது. அதை இதே அரசு 2024 டிசம்பரில் மூடிவிட்டது. அடுத்த வருடம் பின்தங்கிய வட்டாரங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, பத்தாண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடி பவுண்டு வரை என்று வேறு திட்டம் அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் தெருக்காரர்களுக்குப் பன்னிரண்டு மாதம் உதவும். ஓய்வுபெற்ற வக்கீலும் கணக்காளரும் நிறைந்த வசதியான கிராமத்துக்கு ஆறு மாதமே போதும். இரண்டிலும் சேராத ஊரில் பப் மூடினால், பன்னிரண்டாவது மாதக் கடைசியில் உரிமையாளர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார், முன்பைவிட ஆறு மாதம் தாமதமாக.